பொருள் எண் பதினொன்று

மின்விசிறி மூன்று. ஓடுவது ஒன்று.
அதன் அடியில் தலைவர்.
நான் ஓரத்தில், தீர்மானப் புத்தகத்தோடு.
பத்தாம் பொருள், தெருவிளக்கு பல்பு, முடிந்தது.
பதினொன்று:
பொது இடங்களிலும் பேரூராட்சிக் குடியிருப்பிலும்
புகைப்பதைத் தடுப்பது குறித்து.

சட்டம் ஏற்கெனவே இருக்கிறது என்றார் செயல் அலுவலர்,
போர்டுதான் இல்லை.
போர்டு என்ன விலை என்றார் நாலாம் வார்டு.
பேருந்து நிலையத்தில் ஒன்று, சந்தையில் ஒன்று,
அப்புறம் ரயில்வே கேட்.
"கேட் நம்முது இல்ல, ரயில்வேயுது."
"கேட் அவங்களுது. நிக்கிறது நம்ம ஆளு."
நீடாமங்கலத்தில் கேட் போட்டால்
இன்ஜின் கழற்றி மறுபக்கம் மாட்டுவதற்குள்
ஒருவன் இரண்டு பிடித்துவிடலாம்.
எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பை நான் எழுதுவதில்லை.

பெட்டிக்கடையில் தொங்கும் தீக்கயிறு பற்றிப் பேச்சு வந்தது.
கயிறை அறுத்தா தீப்பெட்டி விக்கும், அவ்வளவுதான்
என்றார் கடை வைத்திருக்கும் ஷாகுல்.

ஏழாம் வார்டு ஞானாம்பாள் எழுந்து
மனு ஒன்றை வாசித்தார், தடுமாறி,
கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டதால்.
மேல்வீடு எண் ஒன்பது, செல்வராணி.
கீழ்வீட்டுப் புகை ஜன்னல் வழியே ஏறுகிறது.
பிள்ளைக்கு எட்டு மாதம். மன்னார்குடிக்குத் தூக்கிப்போய்
மூன்று தடவை புகை வைத்தாயிற்று.
ஆஸ்பத்திரி மருந்தையும் புகை என்றே எழுதியிருந்தாள்.

"வாடகை கட்டுறவன் வீட்டுக்குள்ள
என்ன பண்ணுறான்னு எட்டிப் பாக்கணுமா நாம?"
"அவங்க கூரைதான் இவங்க தரை.
எட்டிப் பாக்கவே வேணாம்."

பன்னிரண்டாம் வார்டு வைரப்பெருமாள், பழைய லஸ்கர்:
"மூணாறு தலைப்புல முப்பது வருசம் ஷட்டர் இறக்குனவன் நான்.
தண்ணிய வெண்ணாறு, பாமணி, கோரையாறுன்னு பிரிச்சு விடலாம்.
புகைக்கு எங்க ஷட்டர்?
அறுப்பு முடிஞ்சு தாளக் கொளுத்துறப்ப
ஊரே இருமுதே, அது எந்தப் பொருள் எண்?"

கீழ்வீடு எண் மூன்று, காத்தமுத்து,
தண்ணீர்க் கேன் தூக்கிவந்தவர்
கதவோரம் போகாமல் நின்றார்.
நீ என்னப்பா சொல்ற என்றார் தலைவர்.
"சாக்கடை அள்ளிட்டு வந்தா சோறு இறங்காதுங்க.
நாத்தம் மூக்குலயே குந்தியிருக்கும்.
பீடிதான் அத எழுப்பி அனுப்பும்.
மூக்குக்கு மாட்டுறது வாங்கித் தாறதா
ஒம்பதாம் பொருள்ல இருந்துச்சே?"

ஒன்பதாம் பொருள் ஒத்திவைக்கப்பட்டது. நிதி வரவில்லை.
என் கையெழுத்தில்தான், அரைமணிக்கு முன்.

தேநீர் இடைவேளை.
ஆறு பேர் வாதாமரத்தடிக்குப் போனார்கள்.
அந்த வாசனையோடு திரும்பி வந்தார்கள்.
கை தூக்கச் சொன்னதும் தூக்கினார்கள்.
ஷாகுல் தூக்கினாரா, தலையைச் சொறிந்தாரா,
ஏகமனதாக என்று எழுதினேன்.
எட்டு போர்டு.
குடியிருப்பு, "பரிசீலிக்கலாம்".

வெள்ளிக்கிழமை வாடகை ரசீது கொடுக்கப் போனேன்.
சாயங்காலம். பிள்ளை தூங்கும் நேரம்.
காத்தமுத்து சட்டைப்பையைத் தட்டிப் பார்த்துவிட்டு
மொட்டைமாடிக்கு ஏறினார், முட்டியைப் பிடித்துக்கொண்டு,
நின்று நின்று.
"புகை மேல போகும். அதுக்கும் மேல நான் போயிட்டா
யாருக்கும் இல்லிங்களே."

ஒன்பதாம் எண் வாசலில் செல்வராணி
வெறும் கூடையோடு நின்றாள்.
"துணியெல்லாம் மாடியிலதான் கெடக்குக்கா.
நாளைக்கு அந்த நாத்தத்தோடதான்
சட்டை போடப் போறான் எம் பிள்ள."
கோபம்தான்.
ஆனால் அவள் வீட்டு ஜன்னல்
இரண்டு கதவும் திறந்திருந்தது.

திரும்பும்போது கேட் போட்டிருந்தது.
முதல் போர்டை நட்டிருந்தார்கள், பெயிண்ட் காயவில்லை.
அதன் காலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒருவர்
எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார்,
காதில் செருகிய பீடியோடு.
இன்ஜின் இன்னும் மாறவில்லை.